படத்தின் மேல் வைத்த கை

புதிய பாடத்திட்டத்தில் இரண்டாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளும் சரளமாகப் படித்துவிடுவார்களாம். மகள் விரித்த புத்தகத்தில் புதுப் பசை மணத்தது. எனக்குச் சந்தேகம்.

இதே மணம் வீசிய புத்தகத்தோடுதான், இரண்டாம் வகுப்பில், உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் நின்றேன். வீட்டில் தெலுங்கு பேசும் எனக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. யானைப் படத்தைப் பார்த்ததும் மனப்பாடம் செய்திருந்த பாடம் மழையாகக் கொட்டியது. விரல் மட்டும் ஏதோ ஒரு வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"பொண்ணு நல்லாப் படிக்குதே," என்றார் அதிகாரி.

"எல்லாமே இப்படித்தானுங்க சார்," என்றார் டீச்சர், என் விரலைப் பார்க்காமல்.

ஐந்தாம் வகுப்பில், பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, வழி தெரியாத குந்தாரப்பள்ளியில் இறங்கி அழுதேன்.

மகள் தடங்கலின்றிப் படித்துக்கொண்டிருந்தாள். படத்தை உள்ளங்கையால் மூடினேன். குரல் நின்றது.

"கைய எடும்மா. படம் தெரியாம எப்படிப் படிக்கறது?"