தந்தியை மடியில் செருகிப் பரிமாறினேன்

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் ஆபீஸ் நாடகக் குழுவில் எனக்கு எப்போதும் ஒரே வேஷம்தான்: சமையற்காரர். வழுக்கை, தொப்பை, தோளில் துண்டு. மேடையேறினாலே ஜனம் சிரிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புது நாடகத்தில் ஒரு கட்டம். முதலாளி சாப்பிட வரும் நேரம், அவர் மகன் இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. அது என் கையில்தான் கிடைக்கும். உள்ளூரில் நடித்தபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது! அவமானத்தில் உடம்பு கூசிப்போனது.

அடுத்து திண்டிவனத்தில் நாடகப் போட்டி. முதலாளியாக நடித்த எங்கள் ஹெட் கிளார்க்தான் நாடகத்தையும் நடத்தினார். அந்தக் கட்டத்தையே வெட்டப் பார்த்தார்.

"உன் மூஞ்சிக்கு அழுகை ஒத்துவராதுய்யா. பேஜாரு பண்ணாத."

"நான் அழப்போறதில்ல சார். ஒரே ஒரு தடவ உடுங்க."

"சிரிச்சாங்கன்னா இனிமே உனக்கு வேஷமே கெடையாது, பாத்துக்க!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துத்தான் கேட்டிருந்தேன். சாவுச் சேதி காதில் விழுந்தால் எங்கள் பக்கத்தில் பிணம் எடுக்கும்வரை சோறு இறங்காது. அதனால் பசியோடு இருப்பவரிடம் சட்டென்று சொல்ல மாட்டோம். என் அப்பா இறந்த சேதியோடு வந்த சித்தப்பா, நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வாய் ஓயாமல் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில், தபால்காரர் தந்தியைப் படித்துச் சொன்னதும் வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். "வாங்க மொதலாளி, கத்திரிக்கா கொழம்பு உங்கள கூப்பிட்டுக்கினே இருக்குது!" என்று வழக்கமான கோமாளித்தனத்தை ஆரம்பித்தேன். ஜனம் சிரித்தது.

நான் விடவில்லை. ரசம் ஊற்றும்போது சிரிப்பு குறைந்தது. "இன்னும் ஒரு கை போட்டுக்கினு எழுந்திரிங்க" என்றபோது என் குரல் நிஜமாகவே தடுமாறியது. பந்தலில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தே விட்டார்.

"ஐயோ, அந்தாளு மோர் சோறு துன்னு முடிக்கட்டும்! இப்ப சொல்லிடாதய்யா!"

ஹெட் கிளார்க்குக்கே கண் கலங்கிவிட்டது. சேதி தெரியாத முதலாளி அழக்கூடாதே என்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

திரை விழுந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. சிறந்த நடிகருக்கான கோப்பை யாருக்கு? சமையற்காரருக்கு! முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவர் ஹெட் கிளார்க்தான். "கொன்னுட்டய்யா!" என்றார்.

எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு சிரிப்பு நடிகனால் ஊரையே மூச்சடக்கி உட்கார வைக்கவும் முடியும் என்று காட்டிய அந்த ஒரு பந்திதான், என்னை நடிகன் என்று நானே நம்பிய இடம்.