கிறிஸ்டினா கோடு போட்ட கதை

செம்பாக்கத்துக் கிறிஸ்டினாவுக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருஷமாக ஃபைல் தூக்குகிறவள். தபால் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவர்களா உட்கார்ந்து பரீட்சை எழுதப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்த கையோடு தாம்பரத்து வகுப்புக்கு ஷேர் ஆட்டோவில் ஓடுவாள்.

அந்த வாரம் சின்மயி மேடம் ஒரு சிறுகதையின் ஜெராக்ஸைக் கொடுத்தார். உவமைக்குச் சிவப்புக் கோடு, குறியீட்டுக்குப் பச்சை, கடைசிப் பக்க ஓரத்தில் கதையின் கரு: இதுதான் வீட்டுப்பாடம். கதையில் ஒரு தாய், தீப்பிடித்த வீட்டிலிருந்து தலையணையை அள்ளிக்கொண்டு ஓடிவருகிறாள். மகனின் பாஸ்போர்ட் உள்ளே கருகிப்போகிறது. வகுப்பில் ஆளாளுக்குத் தலையணையைப் பிடித்துக்கொண்டார்கள்: தாய்மையின் குறியீடாம், தூக்கத்தின் குறியீடாம். கிறிஸ்டினாவுக்கு எரிச்சலாக வந்தது. பதறுகிறவள் கைக்குச் சிக்கியதை எடுப்பாள், இதில் என்ன குறியீடு?

அவளுக்குத் தெரியாததா? இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது, அவள் மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது மிக்ஸி ஜாரை. மிக்ஸிகூட இல்லை, வெறும் ஜார். கட்டிலுக்கடியில் இருந்த மகன் பிரிட்டோவின் சர்டிஃபிகேட் எல்லாம் கூழாகிப் போயின. மறுவாரம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சேர வேண்டியவன். ஒரிஜினல் இல்லாமல் வேலை கைநழுவியது. இப்போது பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மனசுக்குள் வைத்திருக்கிறானா, மறந்துவிட்டானா என்று கேட்கவும் பயம்.

கோடெல்லாம் போட்டு, கருவையும் எழுதி, போனில் படமெடுத்து மேடத்துக்கு அனுப்பச் சொல்லி பிரிட்டோவிடம் கொடுத்தாள். பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டே வந்தவன் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டான். ஓரத்தில் இப்படி இருந்தது: ‘மகன் தாயை மன்னிக்கவில்லை.’

அவன் கதையை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவள் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அவன் மன்னிக்கலன்னு எந்த வரில கீது?”

வாங்கித் தேடினாள். கதையின் மகன் எரிந்த வீட்டைப் பார்க்கிறான். தாய் வெறுங்காலோடு நிற்பதைப் பார்க்கிறான். தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போடுகிறான். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

“அவன் ஒண்ணுமே சொல்லலியேடா,” என்றாள்.

“கோவம் இருந்தா சொல்லியிருப்பாம்மா. இல்லாத ஒண்ண நீயா எழுதி வச்சிக்கினு ரெண்டு வருஷமா பேஜாராயிக்கினு கீற.”

கிறிஸ்டினா தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவன் அதை மெல்ல வாங்கி, அந்த வரியை அடித்தான்.

“வேற எழுது. இருந்து அனுப்பிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.”