சீகு லெட்சுமி மிதிக்காத பிரேக்

லெட்சுமி மாரடைப்பில் காலமான செய்தியை எனக்குச் சொன்னவள் என் மகள் கவிதா. கிள்ளானில் ஒரே டிரைவிங் ஸ்கூலில் அவரோடு பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஆனால் அவர் வீட்டார் முதலில் அழைத்தது என் மகளைத்தான். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. அதை மறைத்தால் இது அஞ்சலியாக இருக்காது.

அவர் சேர்ந்தபோது அங்கே நான்தான் பெரிய சீகு. பள்ளி ஆசிரியரைப் போலவே வண்டி ஓட்டச் சொல்லித் தருபவரையும் இங்கே சீகு என்றுதான் அழைப்பார்கள். சில மாதங்களிலேயே, "சீகு லெட்சுமி இருக்காங்களா?" என்று கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் லீவு என்றால் திரும்பிப் போவார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் எங்கள் இருவர் வண்டியும் ஒரே பட்டறையில் நின்றன. பயிற்சி வண்டியில் சீகு பக்கமும் ஒரு பிரேக் உண்டு. என்னுடையதில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அவருடையது புதிதாகவே இருந்தது. எப்படியம்மா உயிரோடு வீடு திரும்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணே, தெரிஞ்சும் கை தவறிப் போனா அது மிஸ்டேக். அவங்களே திருத்திக்குவாங்க, நாம வாயத் தொறக்கக் கூடாது. தெரியாமலே தப்பாச் செஞ்சா அது எரர். அதுக்குக் கத்தி என்னா லா பண்றது? ஓரமா நிறுத்திச் சொல்லித் தரணும்."

"டெஸ்டுல ஆபீசர் ரெண்டுக்கும்தானே மார்க் வெட்டுறாரு?"

"அது ஆபீசர் வேலை, அண்ணே."

கவிதாவுக்கு நானே பழக்கினேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிக்னலில் வண்டி அணைந்துபோக, நான் கத்தினேன். அவள் இறங்கி ரயிலில் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் லெட்சுமியின் வண்டி சாலையோரம் நிற்கக் கண்டேன். உள்ளே என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. லைசன்ஸ் கிடைத்ததும் முதல் லட்டும் அவருக்கே போனது.

அந்த லட்டுப் பெட்டியை என்னிடம் நீட்டி லெட்சுமி சொன்னார்: "உங்க பொண்ணுக்கு எரரே இல்ல, அண்ணே. நீங்க பக்கத்துல இருந்தாத்தான் மிஸ்டேக் வருது." சிரித்துக்கொண்டே சொன்னதால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

நேற்று இறுதிச் சடங்குக்குக் கவிதாதான் காரோட்டினாள். அவர் வீட்டுத் தெரு முழுக்கக் கார்கள், எல்லாம் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தன. என்னிடம் பழகியவர்கள்கூட வந்திருந்தார்கள். கவிதா விம்மி விம்மி அழுதாள். எனக்காக இப்படி அழுவாளா என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது அவள் இண்டிகேட்டர் விளக்குப் போடாமல் லேனை மாற்றத் தொடங்கினாள். எனக்கு வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளே சட்டென்று கவனித்து விளக்கைப் போட்டாள். கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்:

"தேங்க்ஸ்ப்பா. இன்னிக்கு நீங்க சீகு லெட்சுமி மாதிரியே இருந்தீங்க."

பாருங்கள் லெட்சுமி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். பேர் மட்டும் உங்களுக்கு. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், அம்மா.