சீல் வைத்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர்

சேரப்பணஞ்சேரியில் இருந்த எங்கள் வீட்டை, கடன் கொடுத்த நிறுவனம் சீல் வைத்த பிறகும் நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். படப்பையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்தோம். அங்கிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். ஜன்னலில் தலை சாய்த்துப் பாதித் தூக்கத்தில் இருப்பேன். பனிக்குள்ளிருந்து இளம்பச்சைச் சுவர் மெல்ல எழும்பி வந்து, பின்னால் நழுவிவிடும். உள்ளே நானே இன்னும் காப்பி கலந்துகொண்டிருப்பது போலத் தோன்றும்.

என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதில் தவணை நின்றுபோனது. நோட்டீஸ் வந்தது, கொடுத்த அவகாசமும் முடிந்தது. ஒரு நாள் கடன் நிறுவனத்தின் அதிகாரி போலீஸோடு வந்து, நாங்கள் சாமான்களை எடுக்கும்வரை காத்திருந்து, கதவைப் பூட்டினார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை பஸ்ஸிலிருந்து பார்த்தால், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடி விரிசல் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்துப் புங்கமரத்து இலை விழுந்து, மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருக்க வேண்டும். அன்று ஷிஃப்ட் முழுக்க, மெஷின் சத்தத்துக்கு அடியில் அந்தத் தண்ணீர்தான் எனக்குக் கேட்டது.

கணவரிடம் சொன்னேன். "அது இனிமே நம்ம வூடா இன்னா? வுடு" என்றார்.

"வித்து, கடன் போக மிஞ்சினா நமக்குத்தானேங்க வரும்? வூடு பாழாப் போனா இன்னா வெலைக்குப் போவும்?"

இரண்டு பேரும் அந்த நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் கிளைக்குப் போனோம். பூட்டிய அதே அதிகாரி இருந்தார்.

"சார், சாவி உங்க கையில கீது. மாடியில தண்ணி நிக்குது" என்றேன்.

அவர் கையிலிருந்த ஃபைலை மூடினார். "பூட்டுனது நாங்கதாம்மா. விக்கிற வரைக்கும் பாத்துக்க வேண்டியதும் நாங்கதான். நீங்களும் வாங்க."

மறுநாள் பிளம்பரோடு வந்து கதவைத் திறந்தார். மாடிக் கதவின் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் கூடத்தில் கணுக்காலளவு நின்றது. சுவர்கள் அதில் தலைகீழாக மிதந்தன. வெளிச்சம் கூரையில் நெளிந்தது. எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்றேன். யாருடைய வீட்டுக்கோ கனவில் வந்துவிட்டது போல இருந்தது.

மேலே பிளம்பர் இலைக்குப்பையை இழுத்தெடுக்க, தண்ணீர் கடகடவென்று குழாயில் இறங்கியது. கணவர் பேண்ட்டை மடித்துவிட்டு, வாசல்வரை துடைப்பத்தால் தள்ளினார். அதிகாரியும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு துடைப்பத்தை எடுத்தார். முடிந்ததும் அவர் மறுபடி பூட்டினார். எனக்கு அழுகை வரவில்லை.

முதல் ஏலத்துக்கு ஒரே ஒருவர் வந்தார், அதுவும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அதிகாரி தரவில்லை. பொங்கலுக்குப் பிறகு மறுபடி ஏலம் விட்டதில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பதி நல்ல விலைக்கு எடுத்தார்கள். அசல், வட்டி, செலவு எல்லாம் கழித்து மீதி எங்கள் கணக்குக்கு வந்தது. பெரிய தொகை இல்லை.

அதை முன்பணமாகக் கட்டிக் கணவர் ஒரு ஷேர் ஆட்டோ எடுத்தார். இப்போது காலையில் அவரே என்னை ஒரகடத்தில் இறக்கிவிடுகிறார். வழியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே ஓட்டுவார். வண்டிச் சத்தத்தில் பாதி காதில் விழாது.