அக்காவுக்கு நீட்டாத மைக்

போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, காரைக்கால் டவுனில் ஒரு சின்ன அரங்கத்தில் நடந்தது இது. நான் மைக் செட் வாடகைக்கு விடுபவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்கு, அடுத்தவர் பேச மைக் நீட்டுவதே பிழைப்பு என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

அன்று இசைப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு படம் போட்டார்கள். கதைப் படம் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘ப்ளூஸ்’ பாட்டு வளர்ந்த வரலாற்றைச் சொல்லும் கச்சேரிப் படம். ஒரே மேடையில் வயதானவர்களும் இளைஞர்களும் மாறி மாறிப் பாடினார்கள். நடுநடுவே பருத்திக் காடு, ரயிலடி, பழைய புகைப்படங்கள். அடிமைகளாக வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் துக்கத்தைப் பாடிப் பாடி உண்டானது இந்தப் பாட்டு என்று, கூட்டத்தை நடத்திய பேராசிரியர் முதலிலேயே தமிழில் விளக்கிவிட்டார்.

கால்வலிக்கு மருந்து வாங்க டவுனுக்கு வந்திருந்த என் அக்கா, என் வண்டியிலேயே ஊருக்குத் திரும்பலாம் என்று காத்திருந்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், என் பக்கத்தில், ஒயர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போனவர். சில வருடம் போன் வந்தது. பிறகு அவருக்கு அங்கேயே வேறு குடும்பம் என்று சேதி மட்டும் வந்தது. அக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பாத்திரம் துலக்கும்போது மட்டும் தானே வார்த்தை கட்டி மெதுவாகப் பாடுவாள். ஆள் வரும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள்.

படத்தில் ஒரு வயதான அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். ரயிலேறிப் போய்விட்டவனைப் பற்றிய பாட்டு என்றார் பேராசிரியர். அக்கா என் காதருகே வந்தாள்.

“அந்தம்மாவுக்கும் போனவன் வரலயாடா?”

“வரல போலருக்குக்கா.”

“ஆனா பாரு, எவ்வளவு தெம்பா பாடுது!”

படம் முடிந்ததும் பேராசிரியர் கேட்டார். “இது மாதிரி மனசுல கெடக்குற பாட்டு உங்கள்ல யாருகிட்டயாவது இருக்குமே. கூச்சப்படாம பாடுங்க, மைக் வரும்.” ஒரு பையன் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு வரி மறந்து நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

அப்போது அக்கா பாதிக் கையைத் தூக்கினாள். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்தாள். “தம்பி, நான் பாடவா?”

நான் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் படித்தவர்கள். ஊர்க்காரர்களும் இரண்டொருவர் இருந்தார்கள். வீட்டு விஷயம் வெளியே வந்துவிடுமே என்று பயம். “சும்மா இரு அக்கா, சிரிப்பாங்க” என்றேன்.

பேராசிரியர் கவனித்துவிட்டார். “அண்ணே, பக்கத்துல அந்தம்மா கை தூக்குனாங்களே?”

“இல்ல சார், கொசு விரட்டுனாங்க.”

இதற்கும் சிரித்தார்கள். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டியில் வரும்போது அவளே பேச்சை எடுத்தாள். “ஏன்டா, நல்ல கொசுவாத்தான் புடிச்ச போ!” அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாளில்தான் உறைத்தது, அக்கா வீட்டுப் பக்கம் போனால் பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, பாட்டு இல்லை என்று. மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மைக் செட்டை அவள் வீட்டு வாசலிலேயே இறக்கி, சரிசெய்து, மைக்கை அவள் கையில் கொடுத்தேன். “பாடுக்கா. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

அக்கா மைக்கை வாங்கி ஊதிப் பார்த்தாள். “அலோ” என்றாள். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“அன்னிக்குத் தொண்ட வரைக்கும் வந்துச்சுடா. கேக்கவும் ஆளு இருந்தாங்க. இப்ப வரல.”

உள்ளே போய்விட்டாள். கோபம் இல்லை. சாப்பிடக்கூடக் கூப்பிட்டாள்.

இப்போது எந்தக் கூட்டத்திலும் மைக்கோடு முதலில் கடைசி வரிசைக்குத்தான் போகிறேன். யார் யாரோ வாங்கிப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள்; வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன் பாட்டைக் கேட்கச் சொன்னவளை யாரும் கேட்கவிடாமல் செய்தவன் நான் என்ற நினைப்பு மட்டும், ஒவ்வொரு முறை மைக்கை நீட்டும்போதும் கூடவே வருகிறது.