கொழும்பு–திருச்சி ஒரு மணி நேரம், குன்னூருக்கு இரண்டு பகல்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று, இலங்கையில் அட்டன் பக்கம் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அந்த வழியில் நான் முதலில் வந்தது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில்.

மனைவி செல்லம்மாவும் மகளும் இரண்டு வருடம் முன்பே வந்து, குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். என் பாஸ்போர்ட் தாமதம். கடைசியில் ராமேஸ்வரம் கப்பலுக்கு நாள் குறித்து, வீட்டுக்குக் கடிதமும் போட்ட பிறகு, தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்து கப்பல் நின்றுவிட்டது. தோட்டத்தில் வேலை முடிந்து கொடுத்த சேவைக்காலப் பணத்தில் விமான டிக்கெட் எடுத்தேன். விமானத்தில் வருகிறேன் என்று செல்லம்மாவுக்குத் தந்தி கொடுத்தேன்.

விமான நிலையம் போகும் வழியெல்லாம், யாராவது வண்டியை மறித்துப் பெயர் கேட்டுத் தமிழன் என்று கண்டுகொள்வார்களோ என்று பயம். மேலே போனதும் கீழே கடல். அதைப் பார்க்கவும் பயம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் திருச்சி வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அங்கிருந்து கோவை 210 கிலோமீட்டர். மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் நல்ல மழை. குன்னூர் பஸ்ஸில் ஏறப்போனேன்.

“ஏனுங்க, எங்க போறீங்க?” என்றார் டிரைவர்.

எஸ்டேட் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“நேத்து அங்கதானுங்க மண்ணு சரிஞ்சு லைன் வீடுக மேல விழுந்துருச்சு. பஸ்ஸு பர்லியாறு வரைக்குந்தானுங்க போகும்.”

பாதி மலையில் இருக்கும் பர்லியாறில் இறங்கி மேலே நடந்தேன். ரோட்டில் பாறையும் சாய்ந்த மரங்களும் கிடந்தன. எங்கேயாவது கல் உருளும் சத்தம் கேட்டால் நின்று மேலே பார்த்துவிட்டு நடந்தேன். மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் லயம் என்று சொல்லும் அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியைப் பிடுங்கி நானும் தோண்டினேன். இலங்கையில் எங்கள் தோட்டத்திலிருந்து முன்பே வந்திருந்த மாரியாயி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“அண்ணே, செல்லம்மா இங்க இல்ல! ஒங்களக் கூட்டியாரத்தான் புள்ளையத் தூக்கிக்கிட்டு முந்தாநாளே ராமேஸ்வரம் போயிருச்சு.”

தந்தி வந்து சேரவே இல்லை. கப்பல் நின்ற சேதியும் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் உயிரோடு இருந்தாள். ஒரே சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்கள் தப்பவில்லை.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. அவள் இதே ரோட்டில்தான் திரும்பி வர வேண்டும். மழை விடவில்லை. எங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூட வாசலிலேயே நின்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தாள். கப்பல் வராததால், கலவரத்தில் நான் போய்விட்டேன் என்றே நினைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மகள் அவளுக்குப் பின்னால் ஒளிந்து, “யாரும்மா இவரு?” என்றாள்.

மழைக்காலத்தில் மலைக்கு வருகிறவர்களுக்கு: விமான நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். பாதை திறந்திருக்கிறதா என்று மேட்டுப்பாளையத்திலேயே கேளுங்கள், கோத்தகிரி வழியையும் விசாரியுங்கள். பயணம் மாறினால் வீட்டுக்கு இரண்டு வழியில் சேதி சொல்லுங்கள். நான் கொழும்பு போய் வரும்போதெல்லாம், முட்டி வலியோடு செல்லம்மா என்னைக் கூட்டிப்போகத் திருச்சி விமான நிலையம்வரை வந்து நிற்கிறாள். எதற்கு இந்த அலைச்சல் என்று பிள்ளைகள் அவளைக் கடிந்துகொள்கிறார்கள். நான் ஒரு தடவைகூட வேண்டாமென்று சொன்னதில்லை.