மணவறைக்கு மேலே என் கவுன்

தோழிகளே, இன்று காலை வண்டியூரில் ஒரு கல்யாணம். விதவை என்பதால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மணவறைக்கு மேலே சலவைக்காரர், தம்மிடம் வெளுக்க வந்த வெள்ளைத் துணிகளால் மேல்கட்டி கட்டுவது நம் ஊர் வழக்கம். அண்ணாந்து பார்த்தேன். வேட்டிகளுக்கு நடுவே, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, என் கவுன்!

சென்ற நூற்றாண்டில் ஒரு துரைசானி என் அம்மாவுக்குக் கொடுத்தது. மார்பில் கையால் தைத்த நாற்பது மடிப்பு, கழுத்தைச் சுற்றி ஊசியால் பின்னிய லேஸ். திங்கட்கிழமைதான் வெளுக்கப் போட்டிருந்தேன்.

சலவைக்காரன் கருப்பனை அழைத்து, "அதை இறக்கு" என்றேன்.

"தாலி கட்டுறதுக்கு முன்னால மேல்கட்டிய அவுத்தா அபசகுனம்மா. இம்புட்டுப் பேரும் என்னைய அடிச்சே கொன்னுருவாக."

கெட்டிமேளம் முழங்கியது. எல்லார் கையிலும் மஞ்சள் அரிசி. லேஸில் மஞ்சள் கறை பட்டால் ஆயுளுக்கும் போகாது. எழுந்து மணவறைக்கே போய்விட்டேன்.

"யாரும் உயர எறியக் கூடாது!"

"ஆத்தி, இவுக முன்னாடி வரலாமா?" என்று பெண்ணின் அத்தை பதறினாள்.

மாப்பிள்ளையின் தாயார் அடக்கினாள்: "சும்மா இருங்க மதினி. கான்வென்டுல படிச்சவுக. ஏதோ முறை சொல்றாக."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து, குனிந்து, மணமக்கள் காலடியில் அரிசியை மெல்ல வைத்துவிட்டுப் போனார்கள்.

கவுன் தப்பியது. ஆனால் மாப்பிள்ளையின் தங்கை கல்யாணத்துக்கும் மேல்கட்டியில் அதே துணி வேண்டுமாம்; முறை சொல்ல நானும் வர வேண்டுமாம். ஒரே நிபந்தனையோடு சம்மதித்தேன்: கருப்பன் கவுனை நல்ல பக்கம் கீழே தெரியும்படி கட்ட வேண்டும்; தையலின் உட்புறம் யார் கண்ணிலும் படக் கூடாது.

நீங்கள் வெளுக்கப் போட்ட துணி இப்போது எந்தக் கல்யாணத்தில் இருக்கிறது? விசாரித்து எழுதுங்கள்.